வாங்கியவர் ஓட்டுப் போட்டாரா?

அஜித் சிங்கை நினைத்தால் இன்றைக்கும் பரிதாபமாகத்தான் இருக்கிறது. நரசிம்ம ராவ் ஆட்சியைக் காப்பாற்ற 1993-இல் எதிர்வரிசை எம்.பி.க்கள் பணம் வாங்கினார்கள் என்று சி.பி.ஐ. போட்ட வழக்கில் அவர் பெயரும் இருந்தது. மற்றவர்கள் எல்லாம், சி.பி.ஐ. சொன்ன கதைப்படி, வாங்கிய காசுக்கு வஞ்சகம் செய்யாமல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். இவர் மட்டும் ஓட்டுப் போடவில்லை. 1998 ஏப்ரல் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு சபையில் ஓட்டுப் போட்டவர்களை எந்த நீதிமன்றமும் தொட முடியாது. அஜித் சிங் ஓட்டுப் போடவில்லை அல்லவா? அப்படியானால் அவர்மேல் வழக்கு நடக்கட்டும்.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. அங்கதம் எழுதிப் பிழைப்பவன் வாயில் மண்ணைப் போட்ட தீர்ப்பு அது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1993 ஜூலையில் ராவ் அரசின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. சபையில் அன்றைக்கு 528 பேர். காங்கிரஸின் கையில் இருந்தது 251. விரல்விட்டு எண்ணினால் 14 பேர் குறைவு. ஜூலை 28 அன்று வாக்கெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவாக 251, எதிராக 265. ஆட்சி பிழைத்தது. அந்த 14 பேர் திடீரென்று பொருளாதாரச் சீர்திருத்தத்தில் மனம் பறிகொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் நான்கு எம்.பி.க்களுக்குச் சீர்திருத்தத்தின் பலன் உடனே கைக்கு வந்ததும் ஆச்சரியம்தான். அடுத்த சில நாட்களில் டெல்லி நௌரோஜி நகரில் உள்ள பஞ்சாப் நேஷனல் பேங்க் கிளையில் அவர்கள் கணக்குத் திறந்து பணம் போட்டதாக வழக்கின் காகிதங்கள் சொல்கின்றன. அரசுடைமையான பேங்க்கில், சொந்தப் பெயரில். 2005-இல் அமெரிக்காவில் வில்லியம் ஜெஃபர்சன் என்ற எம்.பி.யின் வீட்டு ஃப்ரீஸரில், உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளுக்குள் 90,000 டாலரைப் புலனாய்வுத் துறை கண்டெடுத்தது. பாவம், கட்டின காசுக்கு ரசீது தரும் நம்மூர் பேங்க்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, குற்றச்சாட்டு அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் விசாரிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அரசியல் சட்டத்தின் 105(2) பிரிவு, சபையில் ஓர் உறுப்பினர் பேசியதற்கோ போட்ட ஓட்டுக்கோ நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. லஞ்சம் ஓட்டுக்காகத்தானே வாங்கப்பட்டது? ஆக, லஞ்சமும் ஓட்டைச் சேர்ந்தது. ஓட்டுக்குப் பாதுகாப்பு உண்டென்றால் லஞ்சத்துக்கும் உண்டு. ஆத்திரத்துக்காக அரசியல் சட்டத்தைச் சுருக்கிப் படிக்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் வருத்தத்தோடு விளக்கினார்கள். எஸ்.சி. அகர்வாலும் ஏ.எஸ். ஆனந்தும் மட்டும், கையை நீட்டி வாங்கிய நொடியிலேயே குற்றம் முடிந்துவிட்டது, ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருக்கக்கூடிய இந்தக் கருத்து, இரண்டு பேரின் சிறுபான்மைக் கருத்தாகச் சட்ட நூல்களில் 26 ஆண்டு தூங்கியது.

கொடுத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் தீர்ப்பு சொன்னது. அதன்படி 2000-இல் தனி நீதிமன்றம் நரசிம்ம ராவுக்கும் முன்னாள் மத்திய அமைச்சர் பூட்டா சிங்குக்கும் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பணம் வாங்கியதாகச் சொல்லி அப்ரூவரான சைலேந்திர மஹதோவின் சாட்சியத்தை நம்ப முடியாதாம். வாங்கியவர்களை விசாரிக்கக் கூடாது, கொடுத்தவர்கள் கொடுத்ததற்கு நம்பத்தக்க சாட்சி இல்லை. பேங்க்கில் விழுந்த பணம் யாரும் கொடுக்காமல், யாரும் வாங்காமல் தானே நடந்து வந்து கவுன்ட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சிறப்புரிமை எங்கிருந்து வந்தது? 1642-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஐந்து எம்.பி.க்களைக் கைது செய்ய ஆயுதம் தாங்கிய ஆட்களோடு பொதுச் சபைக்குள் நுழைந்தார். அப்படி நுழைகிற ராஜாவுக்கு எதிராக, சபைக்குள் ஒருவன் வாய் திறந்து பேசுவதற்காகப் பிறந்த உரிமை இது. அதிகாரப் பிரிவினை என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதன் முதல் செங்கற்களில் ஒன்று. நாம் அந்த மதிலை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்து டெல்லியில் நட்டோம். ராஜா போய்விட்டார். மதில் மட்டும் நிற்கிறது. யாரிடமிருந்து யாரைக் காக்க என்று கேட்டால், அது சபையின் மாண்பு சம்பந்தப்பட்டது என்பார்கள்.

மாண்பு விஷயத்தில் நம் தமிழகச் சட்டமன்றமும் இளைத்ததல்ல. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படித் திருடனையும் முகமூடிக் கொள்ளைக்காரனையும் வைத்து மற்றவர் அடையாளம் சொல்கிறார். அவ்வளவுதான். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று சபை தீர்மானித்தது. வழக்கு, குறுக்கு விசாரணை, நீதிபதி ஒன்றும் கிடையாது. குற்றம் சாட்டுபவரும் சபை, தீர்ப்பவரும் சபை. ஏப்ரல் மாத வெயிலில் அவரைக் கொண்டுபோய் மத்திய சிறையில் வைத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாட்களில் விட்டார்கள். அந்தக் கைது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல் சொல்லி 1,000 ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. 2003-இலும் அதே சபை ‘தி இந்து’ பத்திரிகையாளர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தடை போட்டதால் தப்பினார்கள்.

ஒரே சிறப்புரிமைதான். அதை வைத்து ஜோக் போட்டவனுக்குச் சிறை. லஞ்சம் வாங்கி ஓட்டுப் போட்டவனுக்கு விலக்கு. எந்த எந்த உரிமை என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரையறுக்கும்வரை பழைய வழக்கமே செல்லும் என்று 105(3) பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் முக்கால் நூற்றாண்டாக வரவில்லை. எழுதி வைத்தால் எல்லை தெரிந்துவிடும். எல்லை தெரிந்தால் தாண்டியது தெரிந்துவிடும்.

சட்டம் இயற்ற நேரமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தண்டனை பெற்ற உறுப்பினரின் பதவி உடனே போகும் என்று 2013 ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில் சொன்னது. செப்டம்பருக்குள் அதைக் கவிழ்க்க மத்திய அமைச்சரவை அவசரச் சட்டமே தயார் செய்துவிட்டது. ராகுல் காந்தி பத்திரிகையாளர்கள் முன்னால் அதைக் கிழித்தெறிய வேண்டிய குப்பை என்று சொன்ன பிறகுதான் வாபஸ். லஞ்சம் வாங்கினால் விலக்கில்லை என்று ஒரு வரி திருத்தம் கொண்டுவர 26 ஆண்டு போதவில்லை. தண்டனை பெற்றவரைக் காப்பாற்ற இரண்டரை மாதம் தாராளமாகப் போதும்.

இடையில் ஒருமுறை சபைக்குக் கோபம் வந்ததும் உண்டு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்களை ஒரு தொலைக்காட்சி ரகசிய கேமராவில் காட்டியது. பதினோரு நாளில் அத்தனை பேரையும் சபை வெளியேற்றியது. அவர்கள் வாங்கியது 15,000 ரூபாயிலிருந்து லட்சத்துச் சொச்சம்வரை. இவ்வளவு சொற்பத்துக்குக் கை நீட்டித் தொழிலின் பெயரையே கெடுத்தவர்களைச் சபை எப்படிப் பொறுக்கும்?

1998 தீர்ப்பை ஒழித்துக்கட்டிய பெருமையும் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவுக்கே போய்ச் சேர்ந்தது. 1993-இல் பணம் வாங்கியதாக வழக்கில் சிக்கிய சிபு சோரனின் மருமகள் சீதா சோரன் எம்.எல்.ஏ. 2012 மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் பணம் வாங்கியதாக அவர்மேல் குற்றச்சாட்டு. ஆனால் ஓட்டு விழுந்தது சொந்தக் கட்சி வேட்பாளருக்கு. அந்தத் தேர்தலன்று ராஞ்சி அருகே ஒரு காரில் 2.15 கோடி ரூபாய் பிடிபட்டு, தேர்தலே ரத்தானது. மாமனாரின் வழக்கில் கிடைத்த அதே குடையின்கீழ் எனக்கும் இடம் வேண்டும் என்று மருமகள் நீதிமன்றம் போனார். அஜித் சிங்குக்கு இல்லாத பாதுகாப்பு இவருக்கு எப்படி? அவர் ஓட்டே போடவில்லை. நான் போட்டேனே, அது யாருக்கு விழுந்தால் என்ன? வாதம் இதுதான். இதை எடுத்துச் சொல்ல மூத்த வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

2024 மார்ச் 4. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஏழு நீதிபதிகள் ஒருமனதாகப் பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தார்கள். பணத்தை வாங்கியதுமே குற்றம் முடிந்தது. பிறகு ஓட்டுப் போட்டாரா, யாருக்குப் போட்டார் என்பதெல்லாம் சங்கதியே இல்லை. சிறுபான்மைத் தீர்ப்பு எழுந்து உட்கார்ந்தது. நாடே கைதட்டியது. நானும் தட்டினேன்.

தட்டிய கை ஓய்வதற்குள், மார்ச் 19 அன்று சீதா சோரன் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். தும்கா தொகுதியில் சீட்டும் கிடைத்தது. தோற்றுப்போனார் என்பது வாக்காளரின் ஏற்பாடு. கட்சியின் ஏற்பாட்டில் குறையில்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. மதிலை இடித்தாயிற்று, நல்லது. கடப்பாரை யார் கையில்? சி.பி.ஐ. பிரதமர் பொறுப்பிலுள்ள துறையின்கீழ். அமலாக்கத் துறை நிதி அமைச்சகத்தின்கீழ். மாநில லஞ்ச ஒழிப்புத் துறை முதலமைச்சரின் ஆட்சியின்கீழ். மந்திரிகள் யார்? சபை உறுப்பினர்கள்தான். ஆக, சட்டமியற்றுபவர்களில் ஒரு பகுதியினர் இன்னொரு பகுதியினரை விசாரிக்க ஆள் அனுப்பலாம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அதிகாரப் பிரிவினை. பிரித்தது என்னவோ உண்மைதான்: ஆளுங்கட்சி பெஞ்சு, எதிர்க்கட்சி பெஞ்சு. முன்பு வாங்கியவர் ஓட்டுப் போட்டாரா என்று கேட்டார்கள். இப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கிறார்கள். வாங்கினாரா என்ற கேள்வி அன்றைக்கும் முக்கியமில்லை, இன்றைக்கும் இல்லை.

கணக்கு வேண்டுமா? பத்தாண்டில் அரசியல்வாதிகள்மேல் அமலாக்கத் துறை போட்ட வழக்குகள் 193, தண்டனை கிடைத்தது 2 என்று 2025 மார்ச்சில் அரசே மாநிலங்களவையில் பதில் சொன்னது. 2014-க்குப் பிறகு ஊழல் விசாரணையில் இருந்தபடி பாரதிய ஜனதா பக்கம் போன 25 எதிர்க்கட்சித் தலைவர்களில் 23 பேருக்கு நிம்மதி கிடைத்தது என்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ 2024-இல் எழுதியது. மிச்சம் இரண்டு பேர் என்ன பாவம் செய்தார்களோ, யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கூத்தைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகும். அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்துத் துறையில் வேலைக்குப் பணம் வாங்கியதாகச் செந்தில் பாலாஜிமேல் புகார். அப்போது அவரை மேடை போட்டுத் திட்டியது தி.மு.க. 2018-இல் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார். திட்டு நின்றது. 2021-இல் மந்திரியானார். பணம் கொடுத்தவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் சமரசமாகப் போய்விட்டார்கள் என்று ஒரு வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் அந்த ஆண்டில்தான். அரசு வேலையை விற்றால் அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலுள்ள சொந்த விவகாரமாம். உச்ச நீதிமன்றம் 2022-இல் அதற்கு உயிர் கொடுத்தது. 2023 ஜூன் 13-இல் தலைமைச் செயலகத்தில் மந்திரியின் அறைக்குள்ளேயே அமலாக்கத் துறை புகுந்தது. விடிவதற்குள் கைது, நெஞ்சுவலி, பிறகு பைபாஸ். ஜூன் 29 இரவு ஆளுநர் ரவி அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். சில மணி நேரத்தில் அந்த நீக்கத்தையே நிறுத்தி வைத்தார். சட்ட ஆலோசனையை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுவது வழக்கம் என்று யாரோ காதில் போட்டிருக்க வேண்டும். சிறையில் இருந்துகொண்டே இலாகா இல்லாத மந்திரியாகப் பல மாதம். 2024 செப்டம்பர் 26-இல் ஜாமீன். 29-இல் மறுபடி மந்திரி. பதவியா, வெளியே இருப்பதா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் ராஜினாமா. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். இவர்களை நிறுத்தி விசாரிக்க ஒரு கிரிக்கெட் ஸ்டேடியம் வேண்டும்போலிருக்கிறதே என்று நீதிபதிகளே நொந்துகொண்டார்கள்.

அதே ஆளுநர் மாளிகையில்தான், தடை செய்யப்பட்ட குட்காவை விற்க விட்டு லஞ்சம் வாங்கியதாகப் போட்ட வழக்கில் அ.தி.மு.க.வின் முன்னாள் மந்திரிகள்மேல் வழக்கு நடத்த அனுமதி கேட்ட கோப்பு ஓராண்டுக்கு மேல் கிடந்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் படியேறிய பிறகே நகர்ந்தது. ஒரு மந்திரியை நீக்கக் கோப்பு இரவோடு இரவாக ஓடும். இன்னொருவரை விசாரிக்க அனுமதிக் கோப்பு நத்தையாகும். கோப்புக்கும் பெஞ்சு அடையாளம் தெரிகிறது. இதற்கு நடுவில், 2023 டிசம்பரில் திண்டுக்கல்லில் 20 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக ஓர் அமலாக்கத் துறை அதிகாரியையே மாநில லஞ்ச ஒழிப்புத் துறை பிடித்தது. திருடனைப் பிடிக்க வந்தவரைப் பிடிக்க இன்னொருவர். அவரை யார் பிடிப்பது என்பது அடுத்த தேர்தல் முடிவைப் பொறுத்தது.

2025 ஆகஸ்ட் 20-இல் 130-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவை உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் வைத்தார். ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய வழக்கில் 30 நாள் காவலில் இருந்தால் மந்திரி, முதலமைச்சர், பிரதமர் எல்லோருக்கும் 31-ஆம் நாள் பதவி போகும். கேட்க இனிக்கிறது. சிறையிலிருந்து ஆட்சி நடத்தியதை டெல்லியில் பார்த்துச் சலித்தவர்கள் தலையாட்டுவார்கள். தண்டனை வேண்டாம், குற்றப்பத்திரிகை வேண்டாம், 30 நாள் காவல் போதும். அந்த 30 நாளை முடிவு செய்யும் கை எந்த அமைச்சகத்தின் கை? பணமோசடிச் சட்டத்தில் ஜாமீன் வாங்குவது எவ்வளவு லேசு என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். பிரதமரையும் சேர்த்ததுதான் நேர்மைக்குச் சாட்சி என்கிறார்கள். பிரதமரைக் கைது செய்ய எந்த சி.பி.ஐ. அதிகாரி புறப்படுவார், புறப்பட்டவர் எந்த ஊருக்கு மாற்றலாவார் என்பதை மசோதா சொல்லவில்லை.

இந்த ஆட்டத்தில் சட்டம் ஒழுங்காக, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பாய்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது நாம். வாக்காளர் ஓட்டுக்கு 500 ரூபாய் வாங்கினால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி ஓராண்டுவரை சிறை. காசு கொடுத்த கட்சிக்கே நாணயமாக ஓட்டைப் போட்டுவிட்டேன், எனக்கு 105(2) பொருந்துமா என்று யாரும் 26 ஆண்டு வழக்காட முடியாது. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து பறக்கும் படை சாலையில் நிற்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், முட்டை லோடு இறக்கித் திரும்புகிறவர், மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கக் கிளம்பியவர் எல்லாம் வேனை விட்டிறங்கி, வெயிலில் நின்று, மஞ்சள் பையைத் திறந்து காட்டுகிறார்கள். ரசீது இல்லையென்றால் பணம் கருவூலத்துக்குப் போகிறது. திரும்ப வாங்க மனு, நகல், நடை. அவர்களுக்குச் சிறப்புரிமை கிடையாது. அனுமதி கேட்டு எந்த ஆளுநருக்கும் கோப்புப் போவதில்லை.

2024-இல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் தங்கள்மேல் குற்ற வழக்கு இருப்பதாகத் தாங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் 251 பேர் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கணக்கெடுத்தது. 1993-இல் காங்கிரஸ் கையில் இருந்ததும் 251. அன்று 14 பேரை வெளியே தேட வேண்டியிருந்தது. இன்று குற்ற வழக்குக் கட்சி என்று ஒன்று பதிவு செய்தால், மக்களவையில் அதுதான் பெரிய கட்சி; பெரும்பான்மைக்கு இன்னும் 21 பேர் போதும்.

அந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. உங்கள் தொகுதி வேட்பாளருடையதை எடுத்துப் படியுங்கள். அவர் தெருவுக்குக் கும்பிட்டபடி வரும்போது ஆரத்தித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள். விசாரணை அமைப்புகளை அமைச்சகத்தின் பிடியிலிருந்து எடுத்து, எம்.பி., எம்.எல்.ஏ. மீது வழக்குத் தொடர அனுமதி தரும் வேலையை நீதிமன்றத்திடம் கொடுத்து, அதற்கும் ஒரு கெடு வைக்கிற சட்டம் வந்தால், கட்சி வேண்டாமென்று சொன்னாலும் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போடுவாரா? பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு நகர்கிறவருக்கு, அவர் எந்தக் கொடியோடு வந்தாலும், ஓட்டுப் போடாதீர்கள்.